வெள்ளப்படுகையில் ஒரு மனை: கடலூர் ஓரத்துக் காலி நிலத்தில் வீடு கட்ட முழுமையான வழிகாட்டி

கடலூர் மாநகராட்சியின் ஓரங்களில், தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு ஆகியவற்றை ஒட்டிய நிலங்கள் வேகமாக மனைகளாகி வருகின்றன. வாங்குபவர்களில் பலர் முன்பணம், பத்திரம், மண் லோடு, வரைபட அனுமதி என்று போய், தண்ணீரைப் பற்றிக் கடைசியில் யோசிக்கிறார்கள். கீழே உள்ள வரிசை தண்ணீரில் தொடங்குகிறது. நிலத்தை வேண்டாம் என்று சொல்ல வாய்ப்புள்ள வேலைகள் எல்லாம் பணம் கைமாறும் முன்பே முடிந்துவிட வேண்டும் என்பதுதான் காரணம்.

கடலூரையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். தென்பெண்ணைக்கு வடக்கே பாகூர் பக்கம் நிலம் பார்ப்பவர்களுக்குத் தண்ணீர் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும். அனுமதியும் பதிவேடுகளும் புதுச்சேரி அரசின் கீழ் வருவதால் அலுவலகங்களும் விதிகளும் வேறு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் முதல் தேவை. "பஸ் ஸ்டாப் பக்கத்து மனை" என்ற விவரத்தை வைத்துக்கொண்டு எந்தப் பதிவேட்டையும் புரட்ட முடியாது. எண்ணைச் சொல்லத் தயங்கும் தரகரிடம் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

அடுத்து, 30 மீட்டர் அளவு நாடா, மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் நீளமான தண்ணீர் டியூப், ஒரு நோட்டு. கூடவே ஒரு மழைக்காலம் பொறுத்திருக்கும் மனம். சித்திரையில் பார்த்து வாங்கிய மனை ஐப்பசியில்தான் தன் முகத்தைக் காட்டும்.

1. எந்தத் தண்ணீர் வருகிறது என்று பிரித்தறியுங்கள்

"இங்கே வெள்ளம் வருமா?" என்பது பயனில்லாத கேள்வி. கடலூர் ஓரத்தில் மூன்று வகைத் தண்ணீர் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு.

முதலாவது, மேலிருந்து வரும் ஆற்று வெள்ளம். தென்பெண்ணையில் இது சாத்தனூர் அணையைப் பொறுத்தது. 2024 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையால் அணையிலிருந்து வினாடிக்கு ஏறக்குறைய 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. கரையோரத்தில் நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு போன்ற ஊர்களுக்குள் ஆறு புகுந்தது. 2021 நவம்பரிலும் இதே ஆறு கரை மீறியது. இந்த வகை வெள்ளத்துக்கு உங்கள் ஊரில் மழை பெய்ய வேண்டும் என்ற அவசியமே இல்லை. வெயில் அடிக்கும்போதுகூட வரும். வேகமும் வண்டலும் சேர்ந்து வரும்.

இரண்டாவது, அந்த இடத்திலேயே பெய்து வடியாமல் நிற்கும் மழைநீர். அதே புயலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ. மழை பதிவானது. அந்த அளவு மழை 5 சென்ட் மனையில் பெய்தால் அதன் பரப்பில் மட்டும் விழுவது ஏறக்குறைய 93,000 லிட்டர். பக்கத்து மனைகளிலிருந்து ஓடி வருவது தனிக்கணக்கு.

மூன்றாவது, கடல் வாங்காத தண்ணீர். புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்திருந்தால் கெடிலம், உப்பனாறு முகத்துவாரங்களில் வெள்ளம் இறங்காமல் பின்னுக்குத் தேங்கும். பரவனாறு வழியாக நெய்வேலிப் பக்கத்து மழைநீரும் பெருமாள் ஏரியின் உபரியும் கடலூர் முதுநகர்ப் பக்கம்தான் வந்து சேர்கின்றன. அங்கே தண்ணீர் மெதுவாக ஏறும், நாள்கணக்கில் நிற்கும்.

ஆற்று வெள்ளம் வரும் இடத்தில் வேகத்தைத் தாங்கும் அஸ்திவாரம் வேண்டும். மழைநீர் தேங்கும் இடத்தில் வடிகால் போதும். கடல் தடுக்கும் இடத்தில் வடிகால் வெட்டினால், அதே வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். இந்த வேறுபாடு தெரியாமல் செலவழித்தவர்கள் அதிகம்.

2. வெள்ள மட்டத்தை அளந்து எழுதுங்கள்

"முழங்கால் அளவு வந்தது" என்பது அளவாகாது. யாருடைய முழங்கால், எந்தத் தரையில் நின்றபோது என்பது யாருக்கும் தெரியாது.

மனையைச் சுற்றி ஐந்தாறு இடங்களில் சுவர்க் கறையைத் தேடுங்கள். பழைய பள்ளிக் கட்டடம், கோயில் மதில், மோட்டார் கொட்டகை, மின்மாற்றிக் கம்பம் ஆகியவை நல்ல சாட்சிகள். வெள்ளையடித்து மறைத்திருந்தாலும் உட்புறச் சுவரில் கோடு தெரியும். அந்தக் கோட்டைத் தண்ணீர் டியூப் வைத்து உங்கள் மனைக்குக் கொண்டுவந்து, ஒரு கல்லிலோ கம்பத்திலோ பெயின்டால் குறியுங்கள். பல இடங்களிலிருந்து கொண்டுவந்த குறிகள் அரை அடிக்குள் ஒத்துப்போனால் அதை நம்பலாம்.

நிலம் பெரிதாக இருந்தால் சர்வேயரை வைத்து ஆட்டோ லெவல் கருவியால் மட்டம் பார்ப்பது நல்லது. ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கும். திருப்பாதிரிப்புலியூரிலும் முதுநகரிலும் அதைப் பார்க்கலாம். அந்த நிலையங்களை ஒட்டிய மனைகளுக்கு அங்கிருந்து மட்டத்தைக் கொண்டுவர முடியும்.

மனிதர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பக்கத்து மனைக்காரர் தன் மனையின் விலை குறையும் என்று மழுப்புவார். மாடு மேய்க்கும் பெரியம்மாவிடம் போங்கள். "தண்ணீர் வருமா?" என்று கேட்காமல், "2021-இல் மாட்டை எங்கே கொண்டுபோய்க் கட்டினீர்கள், பெரியம்மா? எத்தனை நாள் கழித்து ஓட்டி வந்தீர்கள்?" என்று கேளுங்கள். இடமும் நாளும் தானாக வரும். தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதைவிட எத்தனை நாள் நின்றது என்பது வீட்டுக்கு முக்கியமான தகவல்.

செடிகளும் பேசும். கோரை அடர்ந்திருந்தாலோ, நெய்வேலிக் காட்டாமணக்கு புதராக மண்டியிருந்தாலோ அங்கே ஆண்டில் பல வாரங்கள் ஈரம் நிற்கிறது. விற்பவர் ஜேசிபி விட்டுப் புதரைப் புதிதாக அகற்றியிருந்தால், வரப்போரம் வேர்க்கட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

3. தண்ணீரின் வரவையும் போக்கையும் வரையுங்கள்

நோட்டில் மனையை ஒரு கட்டமாகப் போட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று அம்புக்குறி இடுங்கள். வெளியேறும் அம்பு எங்கே முடிகிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள். சாலையின் அடியில் குழாய் இருக்கிறதா, அது அடைபட்டிருக்கிறதா, அதற்கு அப்பால் வாய்க்கால் இருக்கிறதா, அல்லது அதன் மேலும் ஒரு மனைப்பிரிவு எழுந்துவிட்டதா?

செயற்கைக்கோள் படங்களில் பழைய ஆண்டுகளின் காட்சியைத் திருப்பிப் பார்க்கும் வசதி கூகுள் எர்த்தில் உண்டு. மழைக்காலத்துக்கு அடுத்த மாதங்களின் படங்களைத் தேடுங்கள். இன்று சமதளமாகத் தெரியும் இடத்தில், வளைந்து போகும் ஒரு கரும்பட்டை பத்தாண்டுகளுக்கு முந்தைய படத்தில் இருந்தால், அது மூடப்பட்ட ஓடையாகவோ ஆற்றின் பழைய தடமாகவோ இருக்கலாம். ஆறு பெருகும்போது தண்ணீர் பழைய தடத்தைத்தான் முதலில் தேடிப் போகும்.

4. பதிவேடுகளை இந்த வரிசையில் பாருங்கள்

பலர் வில்லங்கச் சான்றோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த நிலத்தின் மீது பதிவான பரிவர்த்தனைகளை அது சொல்லும். அது எப்படிப்பட்ட நிலம் என்பதைச் சொல்லாது. ஆகவே அதைக் கடைசியில் வையுங்கள்.

முதலில் அரசின் இணையச் சேவையில் 'அ' பதிவேட்டு விவரத்தைப் பாருங்கள். நன்செய், புன்செய், நத்தம், புறம்போக்கு என்ற வகைப்பாடு அதில் இருக்கும். ஓடை, வாய்க்கால், குளம், ஏரி என்றிருந்தால் அங்கேயே கதை முடிந்தது. நீர்நிலைப் புறம்போக்கைப் பத்திரம் போட்டு வாங்கினாலும் அது உங்களுடையதாகாது.

இரண்டாவது, புல வரைபடம். உங்கள் உட்பிரிவை மட்டும் பார்க்காமல் சுற்றியுள்ள எண்களையும் எடுங்கள். பக்கத்து எண் வாய்க்காலாக இருந்து, நேரில் அது கண்ணில் படவில்லை என்றால், யாரோ அதைத் தங்கள் மனைக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த யாரோ உங்களுக்கு விற்பவராகவும் இருக்கலாம்.

மூன்றாவது, 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். நில அளவைக்கு முந்தைய பதிவேடு. வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட ஆவணக் காப்பகத்திலோ நகலுக்கு விண்ணப்பிக்கலாம். இன்று பட்டாவாக இருப்பது அன்று ஓடையாக இருந்திருந்தால் வழக்கு எப்போது வேண்டுமானாலும் எழும். அலைச்சல் அதிகம் என்பதால் பெரும்பாலோர் இதைத் தவிர்க்கிறார்கள். ஆற்றோர நிலத்துக்கு மட்டுமாவது தவிர்க்காதீர்கள்.

பிறகு பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று. உப்பனாறு, கெடிலத்தின் முகத்துவாரப் பகுதி என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தையும் சேர்த்துப் பாருங்கள். அந்த விதிகள் கடற்கரைக்கு மட்டும் உரியவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கடல்நீர் ஏறி இறங்கும் ஆறு, கழிமுகம் ஆகியவற்றின் கரைகளுக்கும் அவை பொருந்தும்.

5. விட்டுவிட வேண்டிய நிலங்கள்

ஆற்றுக் கரைக்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட படுகை நிலம், பட்டா இருந்தாலும் வீட்டுக்கு ஆகாது. கரை உடைந்து பழுது பார்த்த இடத்துக்கு நேர் எதிரே உள்ள மனையும் அப்படித்தான். வெளியேறும் வழி முழுக்க அடைபட்ட கிண்ணம் போன்ற பள்ளத்தை எத்தனை லோடு கொட்டினாலும் காப்பாற்ற முடியாது.

இப்படிப்பட்ட நிலம் பரம்பரைச் சொத்தாக ஏற்கெனவே கையில் இருந்தால், தரிசாக விட வேண்டும் என்றில்லை. மணற்பாங்கான மேட்டுப் பகுதி என்றால் சவுக்கு வைக்கலாம், தாழ்வான பகுதியில் தீவனப்புல் போடலாம். வெள்ளம் ஒரு பருவத்தை எடுத்துக்கொள்ளும். வீட்டை எடுத்துக்கொள்வதைவிட அது மேல்.

6. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை

இதுவரை எல்லாம் சரியாக வந்தால்தான் முன்பணம். கிரய ஒப்பந்தத்தில், நில அளவையில் நீர்வழி ஆக்கிரமிப்பு தெரியவந்தாலோ, கட்டட அனுமதி மறுக்கப்பட்டாலோ முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்ற வரியைச் சேருங்கள். மறுப்பவரிடமிருந்து நீங்கள் ஒரு தகவலைப் பெற்றுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7. அனுமதிகள்

மனைப்பிரிவில் வாங்கினால் நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது 8 மனைகளுக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் இருக்க வேண்டும். அவற்றோடு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றின் நகலையும் கேளுங்கள். விற்பனைச் சிற்றேட்டில் வராத உண்மைகள் அதில் இருக்கும்: மனை மட்டத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும், எந்த வாய்க்காலை அகலம் குறையாமல் விட வேண்டும், எங்கே சிறுபாலம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள். அவை நிறைவேற்றப்பட்டனவா என்று சான்றைக் கையில் வைத்துக்கொண்டு மனைப்பிரிவைச் சுற்றி நடந்து பாருங்கள்.

அங்கீகாரமில்லாத மனைகளில், 20.10.2016-க்கு முன்பே மனையாகப் பதிவானவற்றை மறுபடி பதிவு செய்யலாம். பதிவு ஆகிவிட்டது என்பதால் கட்டட அனுமதி கிடைத்துவிடாது. அங்கீகாரமில்லாத மனையை விதிகளுக்குள் கொண்டுவரும் வரன்முறைப்படுத்தல் தனி வேலை. நீர்நிலையில் உள்ள மனைக்கு அது கிடையாது.

தனி விவசாய நிலமாக வாங்கினால் நிலப் பயன்பாட்டு மாற்றம் வேண்டும். நன்செய் என்றால் வேளாண் துறையின் கருத்தும் மாவட்ட நிர்வாகத்தின் ஒப்புதலும் கேட்கப்படும், நாளாகும்.

2024-இல் வந்த சுயசான்று முறைப்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ, அதன் மேல் ஒரு மாடியோ கட்ட இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம். வசதிதான். ஆனால் முன்கூட்டி வந்து இடத்தைப் பார்த்து "இங்கே வாய்க்கால் போகிறதே" என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். சான்று நீங்கள் தருவது, பொறுப்பும் உங்களுடையதே.

8. மண் பரிசோதனை, மண் நிரப்பும் முன்பு

நிரப்பிய பிறகு பரிசோதிப்பவர்கள், தாங்கள் கொட்டிய கிராவலைத்தான் பரிசோதிக்கிறார்கள். இயற்கை மண்ணில் துளை போட்டு, எத்தனை அடியில் உறுதியான மண் கிடைக்கிறது, நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது, உப்பும் சல்பேட்டும் எவ்வளவு என்று அறிக்கை வாங்குங்கள். ஆற்றோரத்தில் களிமண்ணும் மணலும் அடுக்கடுக்காக இருக்கும். மனையின் ஒரு மூலையில் உள்ளது மறு மூலையில் இருக்காது. ஆகவே ஒரு துளையோடு நிறுத்த வேண்டாம்.

9. மனையை முழுதும் உயர்த்தாதீர்கள்

பெரும்பணம் வீணாவது இந்தக் கட்டத்தில்தான். எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காக மனை முழுவதையும் சாலைக்கு மேல் உயர்த்துவது வழக்கமாகிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. 4 அடி உயர்த்த 8,712 கன அடி மண், அதாவது யூனிட்டுக்கு 100 கன அடி வீதம் 87 யூனிட் வேண்டும். இறுக்கும்போது அமுங்குவதற்குக் கால் பங்கு கூட்டினால் ஏறக்குறைய 109 யூனிட். வீடு நிற்கும் 900 சதுர அடியை மட்டும் உயர்த்தினால் இறுக்கத்தோடு சேர்த்து 45 யூனிட், சுற்றிலும் சரிவுக்குக் கொஞ்சம் கூடுதல். தூண்கள் மேல் வீட்டை ஏற்றி, கீழே வண்டி நிறுத்த விட்டால் மண் செலவு கிட்டத்தட்ட இல்லை. வெள்ளமும் தடையின்றிக் கடந்து போகும். ஆற்று வெள்ளம் வரும் இடங்களில் நான் பரிந்துரைப்பது இந்தத் தூண் வீட்டையே. கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் கூடும் செலவில் ஒரு பகுதி மண்ணில் மிச்சமாகும்.

செலவு ஒரு பக்கம். 8,712 கன அடி மண் கொட்டிய இடத்தில் முன்பு ஏறக்குறைய 2.47 லட்சம் லிட்டர் தண்ணீர் தங்க முடிந்தது. ஒரு மனைப்பிரிவில் 50 பேர் இப்படிச் செய்தால் 1 கோடியே 23 லட்சம் லிட்டர் வேறிடம் தேடும். அது முதலில் போவது, மனையை இன்னும் உயர்த்தாத பக்கத்து வீட்டுக்குள். அவர் அடுத்த ஆண்டு உங்களைவிட அரை அடி கூட்டி நிரப்புவார். சாலையும் ஒவ்வொரு முறை போடும்போதும் ஏறும். இந்தப் போட்டியில் கடைசியாகக் கட்டுபவர் மட்டுமே ஜெயிக்கிறார், அதுவும் சில ஆண்டுகளுக்கு.

நிரப்ப வேண்டிய பகுதிக்கு மட்டும் இந்த முறை:

புல், வேர், மேல்மண் ஆகியவற்றை அரை அடி ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். விட்டுவைத்தால் உள்ளே மக்கி, பின்னால் தரை இறங்கும்.

கிராவல் அல்லது மணல் கலந்த சவுடு பயன்படுத்துங்கள். ஏரி வண்டல் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். கட்டட இடிபாடுகளைக் கொட்டினால் இடையில் பொந்துகள் தங்கி, முதல் மழையில் தரை ஓட்டையாகும். ஒவ்வொரு லோடுக்கும், மண்ணை ஏற்றிவர அனுமதிக்கும் நடைச்சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். சீட்டில்லாத மண் பிடிபட்டால் உங்கள் மனைதான் முகவரி.

முக்கால் அடிக்கு மேல் ஒரே அடுக்காகக் கொட்ட விடாதீர்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். "மழையே இறுக்கிவிடும்" என்று டிப்பர்காரர் சொல்வார். மழை மேல்பரப்பை மட்டும் இறுக்கும்.

சரிவு ஓரங்களில் வெட்டிவேரோ அருகோ நடுங்கள். மண் கரைந்து வாய்க்காலை அடைக்காது.

காலமும் முக்கியம். பங்குனி, சித்திரையில் நிரப்பி, ஒரு வடகிழக்குப் பருவமழையை அதன் மேல் பெய்யவிட்டு, தை பிறந்ததும் அஸ்திவாரம் தோண்டுவது நல்லது. எங்கே அமுங்குகிறது, தண்ணீர் எங்கே தங்குகிறது என்று அந்த ஒரு மழையில் தெரிந்துவிடும்.

10. அஸ்திவாரமும் தரைமட்டமும்

எவ்வளவு நன்றாக இறுக்கினாலும் அஸ்திவாரம் கொட்டிய மண்ணின் மேல் நிற்கக் கூடாது. அதைத் தாண்டி, பரிசோதனை அறிக்கை காட்டிய இயற்கை மண்ணில் ஊன்ற வேண்டும். ஆழம் அதிகமானால் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போடலாமா என்று பொறியாளர் முடிவு செய்யட்டும், மேஸ்திரி அல்ல. நிலத்தடி நீரில் உப்போ சல்பேட்டோ அதிகமென்றால் சிமென்ட் வகையையும் கம்பிக்கு மேல் வரும் கான்கிரீட் கனத்தையும் அவர்தான் குறிக்க வேண்டும்.

தரைமட்டத்தைச் சாலையிலிருந்து கணக்கிடுவது பரவலான தவறு. 2-ஆம் படியில் குறித்த வெள்ள மட்டத்திலிருந்து கணக்கிடுங்கள். அதற்கு மேல் குறைந்தது 2 அடி என்பது நான் வைத்திருக்கும் அளவு. படி ஏறச் சிரமப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் சாய்தளத்துக்கான நீளத்தை வரைபடத்திலேயே ஒதுக்குங்கள்.

மாடி இல்லாத வீடாக இருந்தாலும் மொட்டை மாடிக்கு நிலையான படிக்கட்டு கட்டாயம். இரும்பு ஏணி போதாது.

11. கழிவு, குடிநீர், மின்சாரம்

வீட்டை உயர்த்திவிட்டு இவற்றைத் தரையில் விட்டுவிடுபவர்கள் பலர். வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வராது, கழிப்பறை வழியாகச் சாக்கடை மேலே வரும். செப்டிக் டேங்குக்குப் போகும் குழாயில் ஒருவழி வால்வு பொருத்துங்கள். தொட்டியின் மூடியும் காற்றுக்குழாயும் வெள்ள மட்டத்துக்கு மேல் இருக்கட்டும். மழைக்காலத்துக்குச் சற்று முன்பு தொட்டியை முழுதும் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் உயரும்போது காலித் தொட்டி மிதந்து மேலே கிளம்பும், குழாய் இணைப்புகள் முறியும்.

போர்வெல் குழாயின் தலையை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்தி மூடுங்கள். இல்லையென்றால் ஒரே வெள்ளத்தில் ஊற்று கெடும். தரைக்கு அடியில் சம்ப் கட்டுவதைத் தவிர்த்து, மேல்நிலைத் தொட்டியைப் பெரிதாக வையுங்கள். மின் மீட்டர், மோட்டார் ஸ்விட்ச், பிளக் பாயின்ட் எல்லாம் அதே கோட்டுக்கு மேல். கீழ்த்தளத்துக்குத் தனி பிரேக்கர் இருந்தால், தண்ணீர் ஏறும்போது அதை மட்டும் அணைத்துவிட்டு மேலே விளக்கெரிக்கலாம்.

12. சுற்றுச்சுவர் கடைசியில்

மனை வாங்கியவுடன் எல்லையைக் காக்கச் சுற்றுச்சுவர் எழுப்புவது இயல்பான ஆசை. வெள்ளப்படுகையில் அது அணை கட்டுவதற்குச் சமம். ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி அழுத்தம் கூடிச் சுவர் சாயும். சாய்ந்து விழும்போது அதன் பக்கத்தில் ஆளும் மாடும் இருக்கக்கூடும். வீடு முடியும் வரை கல்தூணும் கம்பிவேலியும் போதும்.

வீடு முடிந்து ஒரு மழையைப் பார்த்த பின் சுவர் கட்டுங்கள். 3-ஆம் படியில் போட்ட அம்புக்குறிகளை எடுத்துப் பார்த்து, தண்ணீர் நுழையும் பக்கத்திலும் வெளியேறும் பக்கத்திலும் அடிப்பகுதியில் கம்பி வலையிட்ட திறப்புகளை விடுங்கள். வெளியேறும் பக்கத் திறப்பு பெரிதாக இருக்க வேண்டும். பக்கத்து மனைக்காரரும் சுவர் எழுப்பப் போகிறார் என்றால், உங்கள் திறப்புக்கு நேராக அவர் சுவரிலும் ஒன்று விடும்படி முன்பே பேசிவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு கேட்டால் எந்த ஊரிலும் நடக்காது.